இருபத்திரண்டாவது நகர்த்தல்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் சங்கரன்கோவில் செஸ் மன்றத்தின் பொதுக்குழு முழு எண்ணிக்கையில் கூடி, முப்பது நகர்த்தலுக்கு முன் யாரும் டிரா கேட்கக் கூடாது என்ற விதியை ஒரே ஓர் ஆட்டத்துக்கு மட்டும் தளர்த்துவதென்று தீர்மானித்தது. முழு எண்ணிக்கை என்றால் நான்கு பேர். எதிர்ப்பு எழவில்லை. எதிர்த்திருக்கக்கூடிய ஐந்தாமவர் மைதீன் அண்ணாச்சி. அவரை மூன்று நாள் முன்புதான் கடையநல்லூரில் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தோம்.

செய்தியை அவர் மகள்தான் போனில் சொன்னாள். "வாப்பா மவுத்தாயிட்டாங்க மாமா." கொஞ்சம் பொறுத்து, "உங்க ஆட்டம் பாதியில கெடக்குன்னு நேத்துகூட சொன்னாங்க" என்றாள்.

அண்ணாச்சி விசைத்தறி மெக்கானிக். அந்த விதியை மன்றத்துக் கரும்பலகையில் எழுதியவரும் அவர்தான். பல வருடங்களுக்கு முன் ஒரு கிராண்ட் மாஸ்டர் கம்ப்யூட்டரோடு ஆடிய போட்டித் தொடரின் கடைசி ஆட்டத்தை, பலகை நிறையக் காய்கள் இருக்கும்போதே டிராவில் முடித்துக்கொண்டார். பேப்பரைப் பார்த்த அண்ணாச்சி அன்று டீ குடிக்கவில்லை; விதியை எழுதினார்.

"ரெண்டு பேரும் சேந்துதானே அண்ணாச்சி ஒத்துக்கிட்டாங்க?" என்றேன்.

"எந்த ரெண்டு பேரு? கம்ப்யூட்டரு வாயத் தொறந்து கேட்டுச்சாக்கும்? பக்கத்துல உக்காந்திருக்கவன் கேக்குதான், இவரு கையக் குடுக்காரு. அதுக்கு என்ன வே, கடைசி பஸ்ஸப் புடிக்கணுமா? விடியுத மட்டும் ஆடும்."

பிறகு அவரும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். தினமும் அதனிடம் தோற்றார். ஒருமுறை அதுவே 'டிரா சம்மதமா?' என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு, ஒன்பது நகர்த்தலில் தோற்றார். நாங்கள் சிரித்தோம். "தோத்தா, ஆடித் தோத்தேன்னு இருக்கும். அது போதும்" என்றார்.

அவர் உடம்புக்கு முடியாமல் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு நாங்கள் இருவரும் போனில் செய்தி அனுப்பி ஆடினோம். போன புதன்கிழமை இரவு தன் இருபத்திரண்டாவது நகர்த்தலை அனுப்பினார். கீழே, "டிரா வச்சுக்கிடுவோமா வே."

இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டதில்லை. எனக்கு ஒரு சிப்பாய் குறைவு; அவர் கைதான் ஓங்கியிருந்தது. என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். சாமர்த்தியமாகப் பதில் எழுதினேன்: "கரும்பலகையைப் பாருங்க அண்ணாச்சி."

வெகுநேரம் கழித்து வந்தது: "சரிதான். நீரு ஆடும்."

காலையில் யோசித்து ஆடலாம் என்று போனை வைத்துவிட்டேன். காலையில் வந்தது அவர் மகளின் போன்தான். அவர் களைத்துப் போயிருந்தார். அதை எழுத்தில்தான் சொல்லியிருந்தார். படிக்கத் தெரிந்த நான் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மன்றத்தில் ஒரு கறுப்பு யானைக் காய் தொலைந்தபோது, தறியில் ஊடுநூலைக் கொண்டு ஓடும் பழைய நாடாக் கட்டையிலிருந்து அவர் ஒன்று செதுக்கித் தந்தார். கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். மற்றவர்களின் அனுமதியோடு அதை நான் எடுத்துக்கொண்டேன். அவருடைய அந்தக் கடைசிச் செய்தியும் என்னிடம் இருக்கிறது.

ஞாயிறன்று மன்றத்தின் நோட்டில், இருபத்திரண்டாவது நகர்த்தலில் டிரா என்று எழுதினோம். ஆடிய இருவரும் கீழே கையெழுத்திடுவது வழக்கம். நான் போட்டுவிட்டேன்.