பாரையின் வாயில் ஜரிகை

"இந்தப் பாரை எந்தக் கலியாண வீட்டுக்குப் போயிட்டு வருது?"

போன சனிக்கிழமை குசினிக்குள் இருந்து என் மனுசி கேட்டா. நான் வாசலில் தூண்டில் தடியைக் கழுவிக்கொண்டிருந்தேன். எழும்பிப் போய்ப் பார்த்தேன். மீனின் வாயை விரித்துப் பிடித்திருந்தா. பல்லிடுக்கில் பச்சை நூல். கூடவே தங்க ஜரிகை.

நான் எப்போதும் கதைப்பது குறைவு. அன்றைக்கு இன்னும் குறைவு.

அவ கத்தியை வைத்தா. கை கழுவினா. நேரே போய் அலுமாரியைத் திறந்தா...

சங்கதி இதுதான். மறுநாள் ஞாயிறு, கந்தளாயில் அவவின் அக்கா மகளுக்குக் கலியாணம். அதற்கென்று புதிதாகத் தைத்த பிளவுஸ். முதுகில் இரண்டு நாடா. நாடா நுனியில் இரண்டு குஞ்சம் — பச்சைப் பட்டு நூலும் ஜரிகையும். இப்போது ஒரு குஞ்சம்தான் தொங்கியது.

மற்றதை வெட்டியது நான்.

ஏன் வெட்டினேன்? சொல்கிறேன்.

மாரி தொடங்கினால் வெளிக்கடலுக்குப் போக ஏலாது. பாரை துறைமுகத்துக்குள் வரும். எனக்குக் கப்பலுக்குக் கயிறு கட்டுகிற வேலை. வேலை முடிந்தால் தூண்டிலுக்கு இறகு கட்டுகிற வேலை. வெள்ளைச் சேவல் இறகு, சிவப்பு நூல், முடிச்சுக்கு மேல் நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸ் ஒரு சொட்டு. தண்ணீருக்குள் இழுத்தால் சின்ன மீன் ஓடுகிற மாதிரி இருக்கும். பாரை ஏமாந்து கவ்வும். அவ்வளவுதான் வித்தை.

இந்த முறை மழை விடவில்லை. மகாவலி ஆற்று வெள்ளம் குடாவுக்குள் இறங்கி, துறைமுகத் தண்ணீர் பால்தேத்தண்ணி மாதிரிக் கலங்கிக் கிடந்தது. மூன்று நாள் எறிந்தேன். ஒன்றும் தொடவில்லை. பக்கத்துக் கல்லில் நின்று றபீக் நானா மீனாய் இழுத்துக்கொண்டே இருந்தார். குறிஞ்சாக்கேணிக்காரர். என்னோடு கயிறு கட்டுகிறவர்.

"நானா, என்ன கட்டியிருக்கிறீங்கள்?"

"மீனிட்டக் கேளுங்க தம்பி. அதுதான் கிட்டப் போய்ப் பார்த்தது."

"ஒருக்காக் காட்டுங்கோவன்."

"காட்டினா நீங்களும் பிடிப்பீங்களே!"

கொஞ்ச நேரம் விளையாட்டுக் காட்டிவிட்டுத் தூக்கிக் காட்டினார். பரிசுப் பெட்டி சுற்றுகிற தங்க றிபன். மெல்லிசாகக் கீறிக் கட்டியிருந்தார்.

"கலங்கல் தண்ணியில வெள்ளை தெரியாது தம்பி. மினுங்கோணும்."

வீட்டுக்குப் போய் மினுங்குகிற சாமான் தேடினேன். றிபன் இல்லை. அலுமாரியைத் திறந்தேன். குஞ்சம் தொங்கியது. மினுங்கியது. பழைய பிளவுஸ் என்று நினைத்தேன். சரி... அப்படி நினைக்க விரும்பினேன்.

ஒரு குஞ்சத்தில் மூன்று தூண்டில் வந்தது. சனி காலை மூன்று பாரை. ஒரு தூண்டில் கல்லில் மாட்டி அறுந்தது. இன்னொன்றைப் பெரிய பாரை ஒன்று இழுத்துக்கொண்டே போய்விட்டது. மூன்றாவது என் தொப்பியில் குத்தியிருந்தது.

எலி வெட்டியது என்று சொல்வோமா? ஒரு நிமிசம் யோசித்தேன். எலி தூண்டில் கட்டாது. தொப்பி தலையில் இருந்தது. மனுசி தொப்பியைப் பார்த்தா.

கத்துவா என்று நின்றேன். கத்தவில்லை. அதுதான் பயம்.

பாலையூற்றுத் தையல்காரிக்குப் போன் எடுத்தா. ஆள் மட்டக்களப்பில். திங்கள்தான் வருவாவாம்.

"மற்றதையும் வெட்டிப்போட்டு வெறும் நாடாவோட போகலாம்தானே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அக்கா என்ர முகத்தைப் பாக்க முதல் முதுகைத்தான் பாப்பா. போன கலியாணத்தில நான் பிளவுஸுக்கு ஊசி குத்தினதைக் கண்டுபிடிச்சு ஊருக்கெல்லாம் சொன்னவ. மறந்திட்டீங்களோ?"

"இல்லை."

"வெட்டினது நீங்கள். கட்டுறதும் நீங்கள்தான். எடுங்கோ பெட்டியை."

இறகுப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். அவ கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்தா. இத்தனை வருசத்தில் அந்தப் பெட்டிக்குள் அவ எட்டிப் பார்த்ததே இல்லை.

வெள்ளை இறகை எடுத்து நீட்டினேன்.

"வேண்டாம். செத்தவீட்டுக்குப் போற மாதிரி."

சிவப்பு?

"பச்சைச் சாறிக்கோ? எனக்கென்ன கிளி வேசமோ?"

பிறகு அவவே கிண்டினா. அடியில் கிடந்த ஒரு இறகுக் கட்டை எடுத்தா. மண்நிறக் கோழி இறகு, கறுப்புப் புள்ளி போட்டது. நான் ஒருநாளும் கட்டாதது. மீனுக்குப் பிடிக்காது என்று நானே முடிவு செய்து ஒதுக்கியது.

"இது வடிவு," என்றா.

மீனுக்கு எந்தத் தண்ணீரில் எந்த நிறம் பிடிக்கும் என்று கேளுங்கள் — அரை மணித்தியாலம் சொல்வேன். நானும் கதைக்கிற ஒரே விசயம் அது. மனுசிக்கு என்ன நிறம் பிடிக்கும்? சனிக்கிழமை வரை தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்க வேண்டாம். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இறகு கிடைத்தது. குஞ்சத்தின் கழுத்துக்குச் சுற்ற ஜரிகை வேண்டுமே? தொப்பியில் இருந்ததைப் பாரை கடித்து நாராக்கியிருந்தது. மிஞ்சிய குஞ்சத்தை அவிழ்த்துத்தான் எடுக்க வேண்டும். அவிழ்த்தால் திருப்பிக் கட்ட ஏலாது. பிழை விட்டால் இரண்டு பக்கமும் மொட்டை.

"அவிழ்க்கவோ?"

அவ பிளவுஸை என் பக்கம் தள்ளினா. "அவிழுங்கோ."

புயல் காத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டியிருக்கிறேன். ஒரு முடிச்சும் சரிந்ததில்லை. இங்கே முதல் குஞ்சம் ஒரு பக்கம் சரிந்தது. அவிழ்த்தேன். திரும்பக் கட்டினேன். இறகை நாடாவில் வட்டமாக அடுக்கி, நூலால் இறுக்கி, மேலே ஜரிகை சுற்றி, ஒரு சொட்டு கியூடெக்ஸ். இரண்டாவது முடிந்தபோது ஜரிகை ஒரு விரல் நீளம்தான் மிச்சம்.

இரண்டையும் இழுத்துப் பார்த்தேன். "பெரிய பாரை இழுத்தாலும் கழலாது."

"என்னை ஆர் இழுக்கப் போயினம்? உள்ளுக்க தூண்டில் ஒண்டும் இல்லையே?"

"இல்லை."

"வடிவாப் பாருங்கோ."

வடிவாகப் பார்த்தேன்.

ஞாயிறு காலை கந்தளாய்க்கு பஸ். குஞ்சம் நசியும் என்று வழியெல்லாம் அவ சீற்றில் சாயவில்லை.

மண்டப வாசலிலேயே அக்கா பிடித்தா. கட்டிப்பிடித்தா. கை முதுகுக்குப் போனது... நின்றது.

"என்னடி இது? முதுகில கோழி!"

அக்கா மனுசியைத் திருப்பிவிட்டா. குஞ்சத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தா. விரலால் தடவினா. இன்னும் இரண்டு பேர் கிட்ட வந்தினம்.

"ஆரடி கட்டினது? கடையில இப்பிடி இல்லையே!"

"துறைமுகத்தடியில ஒரு ஆள் இருக்கிறார்," என்றா மனுசி. "எல்லாருக்கும் கட்டிக்குடுக்க மாட்டார்."

"அவற்ற நம்பரைத் தா."

"அவர் போனில கதைக்கிறதும் குறைவு."

நான் வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தாலி கட்டி முடிந்து குடும்பப் படம் எடுத்தார்கள். எல்லோரையும் கமராவைப் பார்க்கச் சொன்னார்கள். எல்லோரும் பார்த்தோம்.

மனுசி மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றா.