அண்ணனின் ஆயிரம் வாசகர்கள்

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இது என் அண்ணிக்கு நடந்தது. நான் கூடவே இருந்து பார்த்தவன். கண் காது மூக்கு வைத்துச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அண்ணன் ஒரு வலைப்பூ நடத்தினார். ஒழுகும் குழாய், இறங்கிப்போன கதவு, சுற்றாத ஃபேன், இதையெல்லாம் நாமே சரிசெய்வது எப்படி என்று வியாழன்தோறும் காலை 6.40க்கு ஒரு பதிவு போடுவார். ஆயிரம் சந்தாதாரர் சேர வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு ஆசை. 812 பேர் இருந்தபோது மாரடைப்பில் போய்விட்டார்.

அடுத்த வியாழன். 6.40. அண்ணியின் போன் 'டிங்' என்றது. புதுப் பதிவு!

"முன்னாடியே எழுதி, நேரம் குறிச்சு வச்சிருப்பாரு அண்ணி," என்றேன். வலைப்பூக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான்.

அண்ணி மரத்துப்போய் உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"அண்ணன் போயிட்டாருன்னு வாசகர்களுக்குச் சொல்லிடலாமா?"

"வேணாம் தம்பி. சொன்னா கழண்டுக்குவாங்க. ஆயிரம் வரட்டும்."

நானும் தலையாட்டித் தொலைத்தேன். போனவரை இருக்கிறார் என்று வாசகர்களை நம்பவைத்தோம். எவ்வளவு பெரிய தப்பு!

பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. 850... 910... அண்ணி ஆபீஸ் போனார், வந்தார், எண்ணிக்கையைப் பார்த்தார், படுத்தார். ஐந்தாவது பதிவு, அவர்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் பற்றி. படத்தோடு. அந்தக் குழாய் ஒழுக ஆரம்பித்ததே அண்ணன் இறந்த பிறகுதான்.

படத்தை அண்ணியிடம் காட்டினேன். அண்ணி "ஓ" என்றார். அவ்வளவுதான்.

ஒன்பதாவது வாரம், ஞாயிறு. எண்ணிக்கை 1000. அன்றுதான் அண்ணனின் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

அவர் முன்கூட்டி எழுதி வைத்தது ஒன்றுகூட இல்லை... எல்லாமே இறந்த பிறகு எழுதியவை. ஒவ்வொன்றிலும் பதிவாகியிருந்த நாள் புதன்கிழமை. மதியம் 2.10. அந்த நேரம் அண்ணி ஆபீசில் இருப்பார். வீடு பூட்டியிருக்கும். இருப்பது ஒரே சாவி, அது அவர் பையில்.

"அண்ணி, புதன்கிழமை ஆபீஸ் முடிஞ்சதும் நேரா எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

அண்ணி திரையையே பார்த்தார்.

"ரெண்டு பத்துக்கா?" என்றார்.

புதன் மாலை அவர் வரவில்லை. 7.15க்கு போன் செய்தார்.

"சாப்டாச்சா தம்பி?"

குரலில் சிரிப்பு. இரண்டு மாதத்தில் முதல் தடவை.

"ஏன் அண்ணி வரல?"

"வேலை இருக்குப்பா. ஆயிரம் பேர் காத்திருக்காங்கல்ல."

பின்னால் ஒரு சத்தம். டக்... டக்... டக்... யாரோ கீபோர்டில் தட்டுவது போல.

"யாரு அண்ணி அது?"

டக்... டக்...

வியாழன். 6.40. பதிவு வரவில்லை.

அண்ணி போனை எடுக்கவில்லை.

கதவை உடைத்தோம்.

கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் சாய்ந்திருந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு நாற்காலி... நெருக்கமாக இழுத்துப் போட்டிருந்தது.

முந்தின நாள் ஒன்றேமுக்காலுக்கே லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினார் என்றார்கள் ஆபீசில்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நேத்து மத்தியானமே உயிர் போயிருக்கு. ரெண்டு, ரெண்டரை இருக்கும்."

என் போனை எடுத்துப் பார்த்தேன்.

புதன். மாலை 7.15. அண்ணி. பேசிய நேரம், நான்கு நிமிடம் பதினோரு வினாடி.