எழும்பாத கட்டை

கித்துல்கல பக்கம் ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலா மாத்தியிருக்காங்க. போன மழைக்காலத்துல பிரான்சுல இருந்து ஒரு கூட்டம் வந்து அங்க தங்குச்சு. சாயங்காலத் தேத்தண்ணி நேரம் அவங்க நாட்டுப் பழைய சங்கீதத்தைப் பியானோவுல வாசிக்க ஆள் வேணும்னு மெனேஜர் என்னைக் கூப்பிட்டாரு. நல்லா வாசிச்சா வேலை. இல்லாட்டி ரப்பர் பால் வெட்டத்தான் போகணும். நான் படிப்பிச்ச பாலர் பள்ளிக்கூடத்தை மூடிட்டாங்க.

பியானோ நான் டவுன் கான்வென்டுல கத்துக்கிட்டது. அந்த பிரெஞ்சு சங்கீதம் இருக்கே, அதுக்கு ரொம்ப கர்வம். பட்டும் படாம தொடணும். கஷ்டப்பட்டு வாசிக்கிறாங்கன்னு தெரிஞ்சாலே கெட்டுப் போச்சு. வீட்டுல பியானோவா இருக்கு? கோயில் பஜனைக்கு வச்சிருந்த கீபோர்டை இரவல் வாங்கி, லயத்துல சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற காம்பிராக்காரங்க திட்டத் திட்ட அதுல பழகினேன்.

வாசிக்க வரச் சொன்ன அன்னைக்குப் போய்ப் பார்த்தா, பியானோவைக் கறுப்பு பொலித்தீன்ல சுத்திக் கயிறு போட்டுக் கட்டியிருக்கு. மழைத்தண்ணி பாலுல இறங்கக்கூடாதுன்னு ரப்பர் மரத்துக்குக் கட்டுவாங்களே, அச்சு அசல் அதே கட்டு. பங்களாவைப் பார்த்துக்கிற அண்ணன் செஞ்ச வேலை. அவரு முன்னாடி தோட்டத்துல மரத்துக்குக் கட்டின ஆளு.

"கூரை ஒழுகுது தங்கச்சி. ஆனா ஒரு சொட்டுத் தண்ணி படலை பாருங்க"ன்னு பெருமையா அவிழ்த்து விட்டாரு.

அட கடவுளே! தண்ணி படலைதான், ஆனா உள்ளுக்குள்ள புழுங்கிப் புழுங்கி மரம் ஊதிப் போயிருந்துச்சு. நடுவுல ஒரு வெள்ளைக் கட்டை, அமுக்கினா போயிடுது, திரும்ப மேல வரல. சத்தமும் நிக்காம இழுத்துக்கிட்டே கிடக்கு. என் பாட்டுல அந்தக் கட்டை வராத வரியே இல்ல. மெனேஜர்கிட்ட சொல்லலாம்னு திரும்பினா, அதுக்குள்ள வெள்ளைக்காரங்க வந்து உட்கார்ந்துட்டாங்க. ஆரம்பிங்கன்னு அவரு தூரத்துல இருந்தே தலையாட்டுறாரு.

பயம்னா பயம், அப்படியொரு பயம். இது போதாதுன்னு ஒரு வயசான வெள்ளைக்கார அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு என் கைக்குப் பக்கத்துலயே உட்கார்ந்தாங்க. இவங்களுக்கு வேற இடமே கிடைக்கலையான்னு மனசுக்குள்ள திட்டினேன். அவங்க நாட்டுச் சங்கீதம், ஒரு சுரம் தப்பினா தெரியாதா?

ஒரே ஒரு வழிதான் தோணுச்சு, ஆரம்பிச்சுட்டேன். வலது கை அந்தக் கட்டையை அமுக்கும். உடனே இடது கை தன் வேலையை விட்டுட்டு வந்து, பெருவிரல் நகத்தால கட்டையோட விளிம்பை அடியில இருந்து தூக்கி விடணும். தூக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி தன் இடத்துக்குப் போகணும். பியானோ வாசிக்கிறவங்க நகம் வளர்க்க மாட்டாங்க. அன்னைக்கு அந்த விரல்ல வெட்ட மறந்த துளி நகம் இருந்துச்சு, தப்பிச்சேன். அவசரப்பட்டா கை துள்ளும், துள்ளினா அந்த அம்மா பார்த்துடுவாங்க. அதனால மெதுவா, நளினமா போய் வந்தேன். முதுகெல்லாம் வேர்வை.

ஒரு தடவை கட்டை தூக்கியும் வரல. அடுத்த வரி வந்துக்கிட்டே இருக்கு. முருகா முருகான்னு நெஞ்சு அடிச்சுக்குது, உதட்டுல மட்டும் சிரிப்பு. நகத்தை ஆழமா விட்டு நெம்பினேன். நகம் பாதியோட கிழிஞ்சுது, கட்டை எழும்பிருச்சு. மிச்சப் பாட்டை அந்த ரத்த விரலோட வாசிச்சு முடிச்சேன்.

எல்லாரும் கைதட்டினாங்க. நான் விரலை முந்தானைக்குள்ள மறைச்சேன். அந்த அம்மா எழும்பி மெனேஜர்கிட்ட இங்கிலீஷ்ல சொன்னாங்க, "இந்தப் பொண்ணு கஷ்டமே இல்லாம, மூச்சு விடுற மாதிரி வாசிக்குது."

மெனேஜர் சிங்களவரு, தமிழும் நல்லா பேசுவாரு. வாயெல்லாம் பல்லு அவருக்கு.

"ஹரி ஷோக், நங்கி! ரொம்ப ஜோர், தங்கச்சி! வேலை உங்களுக்குத்தான்."

போன உசிரு திரும்பி வந்துச்சு. அந்தத் தைரியத்துல, "சேர், கொழும்புல இருந்து ஆள் கூப்பிட்டுப் பியானோவை ஒருக்கா பார்க்கணும். ஒரு கட்டை மேல வர மாட்டேங்குது"ன்னேன்.

"எந்தக் கட்டை? நானும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். பியானோவுக்கு ஒரு குறையும் இல்ல. அந்த அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, நாளைக்கும் அதே பாட்டையே வாசிங்க."

சரிங்க சேர்னேன். பஸ்ஸுல உட்கார்ந்து மத்த விரலையெல்லாம் ஒவ்வொண்ணா பார்த்தேன். எல்லா நகத்தையும் ஒட்ட வெட்டியிருந்தேன்.