பேச்சுக்கா, பாட்டுக்கா

இன்று குன்னூரில் காது மிஷின் வாங்கப் போயிருந்தேன். மகனும் கூட வந்தான்.

மிஷின் பொருத்தும் பெண் ஒரு படிவத்தை எடுத்தாள். "ஐயாவுக்குப் பொழுதுபோக்கு என்னங்க?"

"பாட்டுக் கேக்கறதுங்க."

"அது எல்லாருந்தான் கேக்கறாங்க. வேற ஏதாச்சும் சொல்லுங்க."

"வேற இல்லைங்க."

'இல்லை' என்றே எழுதிக்கொண்டு, மிஷினைப் பேச்சுக்கு ஏற்றபடி வைத்துக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டு போனில் நாகஸ்வரம் போட்டேன். தகரத்தைத் தரையில் இழுப்பது போல இருந்தது.

பாட்டுக்கு மாற்றச் சொன்னேன்.

"இந்த மிஷின்ல ஏதாச்சும் ஒண்ணுக்குத்தானுங்க வெக்க முடியும். பாட்டுக்கு வெச்சா, பேச்சு இவ்வளவு தெளிவா இருக்காதுங்க."

"பேச்சுக்கே இருக்கட்டுங்க" என்றான் மகன். "அப்பா சும்மாதானே பாட்டுக் கேக்கறாரு."

சும்மாவா?

டீ ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருடம் இருந்தேன். இலை உருட்டும் ரோலரின் சுருதி கொஞ்சம் இறங்கினாலே, பேரிங் போகப்போகிறது என்று முதலில் சொல்வது நான்தான். சுருதியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரேடியோவில் பாட்டுக் கேட்டுக் கேட்டே பழகிய காது அது. அந்தக் காதுக்குத்தான் ஃபேக்டரியில் மதிப்பு இருந்தது. அந்த ஃபேக்டரி இரைச்சலில்தான் அது கெட்டும் போனது.

பாட்டுக்கே வைத்து வாங்கி வந்துவிட்டேன். கோத்தகிரி பஸ்ஸில் மகன் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். நான் நாகஸ்வரம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

நான் செய்தது தப்பென்றால் சொல்லுங்கள். ஆனால் இங்கேயே, இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள். போனில் திட்டினால் தெளிவாகக் கேட்காது.