அன்னப்பூரணியின் மூக்கு

வாழைச்சேனையில் கருவாடு விற்கும் அன்னப்பூரணிக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவளுடைய முகத்தைப் பார்த்து வைத்திருக்க மாட்டார்கள். சாப்பாட்டைக் கண்டாலே சுளிக்கிற முகம் அது. கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருப்பவர் விரல் சூப்பினால் எழுந்து வந்துவிடுவாள். யார் வீட்டில் தேநீர் கொடுத்தாலும் கோப்பையின் விளிம்பை மணந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பாள். அருவருத்து 'அரியண்டம்' என்று ஒரு தடவையாவது சொல்லாமல் அவளுக்குப் பொழுது போகாது.

அந்த அரியண்டம்தான் அவளுக்குச் சோறு போட்டது. சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்த மாசி விறகுக் கட்டைபோல இருக்கும். உள்ளே பழுதா இல்லையா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அன்னப்பூரணி ஒரு துண்டை மூக்கடியில் பிடிப்பாள். பழுதென்றால் உடனே குமட்டி ஓங்காளம் வரும். கொண்டுவந்தவன் எவ்வளவு கெஞ்சினாலும் சாக்கோடு திருப்பி அனுப்பிவிடுவாள். ஓட்டமாவடியில் சாப்பாட்டுக் கடை நடத்தும் இர்ஷானா, அன்னப்பூரணி மணந்து கொடுக்காத மாசியைக் கடைக்குள் எடுப்பதில்லை.

போன மாரியில் வந்த காய்ச்சல் போகிற போக்கில் அவளுடைய மூக்கையும் கொண்டு போய்விட்டது. கருவாடும் சாம்பிராணியும் அவளுக்கு ஒன்றாகிப் போயின. சோறு கடதாசியை மென்றதுபோல உள்ளே இறங்கியது. மருமகள் மேனுகாவிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. தெரிந்தால் கடைக்கு யார் வருவார்கள்? வழமைபோல மாசியை மூக்கடியில் பிடித்தாள், வழமைபோல முகத்தைச் சுளித்தாள், குத்துமதிப்பாக ஒன்றைத் தள்ளி ஒன்றை எடுத்தாள்.

மகன் நிதுர்ஷன் ஜப்பானில் பொரியல் கடையொன்றில் வேலை செய்கிறான். மாவில் தோய்த்துப் பொரித்த இறாலைத் தொட்டுத் தின்ன அங்கே ஒரு சாறு கொடுப்பார்களாம். அதைச் செய்யும் விதத்தை அவன் போனில் சொல்ல, மேனுகா அன்றைக்கே அடுப்பை மூட்டி இறாலைப் பொரித்தாள். புதுச் சாக்கிலிருந்து மாசி எடுத்து மெல்லிசாகச் சீவினாள். கொதிநீரில் போட்டு வடித்தாள். சோயா சோஸ் ஊற்றி, அதன் தலையில் சீனியையும் கொட்டினாள். துருவிய முள்ளங்கி வேறு.

பார்த்துக்கொண்டு நின்ற அன்னப்பூரணிக்கு உடம்பு கூசியது. இதில் நடிப்பில்லை. மீன் அவித்த தண்ணீருக்குச் சீனி போடுவார்களா? மனிதர் தின்கிற சாமானா இது? புளியாவது விடு, தேசிக்காயாவது பிழி என்று மன்றாடினாள். மேனுகா கேட்கவில்லை.

முதல் இறாலை மேனுகாதான் தோய்த்துக் கடித்தாள். கடித்தவள் மெல்லாமல் நின்றாள். அன்னப்பூரணி அதைக் கவனிக்கவில்லை. மகன் செய்கிற சாமானாயிற்றே என்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தோய்த்து வாயில் போட்டாள். இனிப்பும் உப்பும் நாக்கில் சுள்ளென்று ஏறின. காய்ச்சலுக்குப் பிறகு இவ்வளவு துலக்கமாக அவளுக்கு எதுவும் ருசித்ததில்லை. இன்னும் இரண்டு இறாலைத் தின்றுவிட்டு, கிண்ணத்தைத் தூக்கிச் சாற்றைக் குடித்தாள்.

"நல்லாத்தானே கிடக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து மகள்."

மேனுகா முற்றத்துக்கு ஓடித் துப்பிவிட்டு வந்தாள். சீவி மிஞ்சிய மாசித் துண்டை உடைத்து நீட்டினாள். நடுவில் பச்சையாகப் பூஞ்சணம்.

"மாமி, இது பழுதாப்போன மாசி. நாறுது. உங்களுக்கு மணக்கல்லையா?"

அன்னப்பூரணி துண்டை வாங்கிப் பார்த்தாள். கறியென்றால் மிளகாயும் தேங்காய்ப்பாலும் மூடி மறைத்திருக்கும். வெறும் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிட்டது. இதே சாக்கிலிருந்துதான் இர்ஷானாவின் கடைக்கும் போயிருந்தது. அங்கே அந்த மாசிச் சம்பலைத் தின்றவர்களை நினைத்தாள். கிணற்றடிக்குப் போய்த் தின்றதையெல்லாம் சத்தி எடுத்தாள். அருவருக்க அவளுக்கு மூக்குத் தேவைப்படவில்லை. தன்னை நினைத்தாலே போதுமாக இருந்தது.

அடுத்த நாள் காலை ஓட்டமாவடிக்குப் போய், பழுதென்று சொல்லி, கொடுத்த மாசியைத் திருப்பிக் கேட்டாள். இர்ஷானா நம்பவில்லை. நீங்கள் மணந்து தந்ததுதானே அக்கா என்று சிரித்தபடி, ஒரு துண்டை எடுத்துப் பழக்கதோசத்தில் அன்னப்பூரணியின் மூக்கடிக்கே கொண்டு வந்தாள்.

அன்னப்பூரணி முகத்தைச் சுளிக்கவில்லை.

"எனக்கு மூக்குச் செத்துப் போச்சு கிளி. உடைச்சு நீயே மணந்து பாரு."

இர்ஷானாவின் சிரிப்பு நின்றது. துண்டை உடைத்து மூக்கருகே கொண்டு போனாள். அந்த முகம் சுளிக்கப் போகிறதா என்று அன்னப்பூரணி பார்த்துக்கொண்டு நின்றாள்.