விளிம்பில் மூன்று வெட்டு

அருங்காட்சியகத்தில் அவரைக் கறாரம்மா என்றால்தான் தெரியும். பெயரைச் சொல்லிக் கேட்டால் சம்பளப் பட்டியல் போடுகிற கிளார்க்கே ஒரு நிமிஷம் முழிப்பார். தரையைத் துடைத்தபின் ஈரம் காயும்வரை அந்தப் பக்கம் ஈ காக்காய் போக முடியாது. ஒருமுறை மந்திரி ஒருவர் பரிவாரத்தோடு வந்தபோதுகூட, "ரெண்டு நிமிஷம் நில்லுங்க, காயட்டும்" என்று மாப்பைக் குறுக்கே நீட்டினார். மந்திரி நின்றார். பின்னே, வழுக்கி விழுந்து பேப்பரில் படமாக வரவா முடியும்?

அப்பேர்ப்பட்ட கறாரம்மா ஐந்து மாதமாக ஒரு பிஸ்கட் டின்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார் என்றால் அங்கே ஒருவரும் நம்பமாட்டார்கள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாக்கடைக்குக் குழி தோண்டியவர்களுக்குக் கிடைத்த டின் அது. துருப்பிடித்து, மூடி ஒட்டிப்போயிருந்தது. தூக்கினால் நல்ல கனம். புதையல் என்று நினைத்து உடைத்தவர்களுக்கு முகம் தொங்கிப்போயிருக்கும். உள்ளே இருநூற்றுப் பதினான்கு பித்தளை வில்லைகள், அவ்வளவுதான். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியவை. மேலே இரண்டு துளை, ஒரு பக்கம் ஒரு எண், மறுபக்கம் வெறுமை. ராஜா தலை இல்லை, வருஷம் இல்லை, ஒரு எழுத்துக்கூட இல்லை. சிலவற்றின் விளிம்பில் மட்டும் அரத்தால் ராவிய சின்ன வெட்டுகள் இருந்தன. ஒன்று, இரண்டு, அபூர்வமாக மூன்று.

காசுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற ஆபீசர் நல்ல மனுஷர். பழங்காசு கையில் கிடைத்தால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஆனால் இந்த வில்லைகள் அவருக்கே தண்ணி காட்டிவிட்டன. முதல் மாதம் ஆலைத் தொழிலாளிகளின் டோக்கன் என்றார். அந்தப் பக்கம் ஆலையே இருந்ததில்லை என்று தெரிந்ததும் படகுத்துறைச் சீட்டு என்றார். ஆற்றுக்கே நாலு மைல் போகவேண்டும் என்று யாரோ சொன்னதும் அதுவும் போயிற்று. பேப்பரில் படம் போட்டு, விவரம் தெரிந்தவர்கள் எழுதலாம் என்று கேட்டுப் பார்த்தார். முப்பத்தொரு கடிதம் வந்தது. அதில் இருபது பேர் தங்கள் வீட்டில் கிடக்கிற காசு என்ன விலை போகும் என்று கேட்டிருந்தார்கள்.

பதில் தெரிந்த ஒரே ஆள் தினமும் காலை எட்டரை மணிக்கு அவருடைய மேஜைக்கு அடியில் கூட்டிக்கொண்டிருந்தார்.

கறாரம்மாவுக்கு டின்னைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அதைப் புதைத்த ஐந்து பெண்களில் அவரும் ஒருத்தி. பஸ் நிலையம் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் அநாதைப் பிள்ளைகளின் காப்பகம் ஒன்று இருந்தது. யாரோ ஒரு தர்மவான் சொந்தச் செலவில் நடத்தியது, அரசாங்கத் தாளில் அதன் சுவடே கிடையாது. ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் கயிற்றில் ஒரு வில்லை தொங்கும். தர்மவான் கண்ணை மூடியதும் காப்பகத்தையும் மூடினார்கள். வில்லைகளைக் குப்பையில் கொட்டச் சொல்லிவிட்டுப் போனாள் வார்டன். பெரிய பெண்களுக்கு மனசு வரவில்லை. டின்னில் போட்டு, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள். கறாரம்மாவுக்கு அப்போது பதினாறு வயது.

இதை ஆபீசரிடம் சொல்லிவிட்டால் என்ன? சொல்லலாம்தான். ஆனால் கறாரம்மாவின் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவரை அவர் வேறு ஊரில் ஒரு சித்தி வீட்டில் வளர்ந்து, வேலைக்காக இங்கே வந்தவர்.

கல்யாணத்துக்கு முன்னால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தது. சொந்தம் யாரும் இல்லை என்றால் மதிக்கமாட்டார்களோ என்ற பயம். அப்புறம் அந்தச் சித்தி தானாக வளர்ந்துவிட்டாள். கோபம் வந்தால் மனுஷரோடு பேசாமல் பாத்திரத்தோடு பேசுவாள். முழங்கால் வலிக்கு ஊரில் உள்ள எண்ணெயையெல்லாம் தடவிப் பார்ப்பாள். குடும்பச் சண்டையில் பேச்சுவார்த்தை நின்றுபோனதால் போக்குவரத்து மட்டும் கிடையாது. கணவருக்கு, பார்க்காத அந்தச் சித்திமேல் கொள்ளைப் பிரியம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இனி இவளைக் கட்டி மேய்க்க முடியாது என்று கறாரம்மா அவளை மாரடைப்பில் சாகடித்தார். கணவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். கறாரம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து தேற்றவேண்டியிருந்தது!

இப்போது போய் உண்மையைச் சொன்னால், இருபத்தாறு வருஷம் பொய்யோடு குடித்தனம் நடத்தியவள் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தனக்கு இடம் இருக்குமா என்பதுதான் அவருடைய பயமெல்லாம்.

ஐந்தாம் மாதம் வெளியூரிலிருந்து ஒரு பெரிய நிபுணர் வந்தார். வில்லையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, டீ ஆறுவதற்குள் விடையைச் சொல்லிவிட்டார். நாய் வில்லை. வீட்டு நாய்க்கு லைசன்ஸ் வாங்கிக் கழுத்துப் பட்டையில் மாட்டுவார்களாம். வெட்டு என்பது லைசன்ஸ் புதுப்பித்த அடையாளமாம். ஆபீசருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டி தயாரானது. விவர அட்டை எழுதும் வேலை, வழக்கம்போலப் போர்டு எழுதுகிறவரிடம் போயிற்று. அந்தப் போர்டுக்காரர் வேறு யாருமில்லை, கறாரம்மாவின் கணவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. போர்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில் வெள்ளை அட்டையை வைத்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எதிரில் கறாரம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இதைக் கேளேன்," என்று ஆபீசர் கொடுத்த தாளைப் பார்த்துச் சிரித்தார் போர்டுக்காரர். "சில நாய்க்கு மூணு வெட்டாம். மூணு வருஷம் விடாம புதுப்பிச்சிருக்கான். குடுத்து வச்ச நாய்!"

கத்தி நின்றது.

"அது நாய் இல்லைங்க."

"பெரிய நிபுணரே சொல்லிட்டாராமே."

"அது நாங்க."

ஐந்து மாதம் தொண்டையில் சிக்கிக் கிடந்தது அரை மணி நேரத்தில் வெளியே வந்தது. காப்பகம், கயிறு, எண், எல்லாவற்றையும் சொன்னார். போர்டுக்காரர் பென்சிலைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"அந்த வெட்டு?"

"பிள்ளை வேணும்னு யாராவது கூட்டிட்டுப் போவாங்க. ஒத்துவரலைன்னா கொண்டாந்து விட்டுடுவாங்க. ஒரு தடவை திரும்பி வந்தா ஒரு வெட்டு. அடுத்து வர்றவங்களுக்குத் தெரியணும்ல, இது எத்தனை வீட்டுல நிக்காததுன்னு."

"உனக்கு எத்தனை?"

"மூணு."

போர்டுக்காரர் கோடு போட்ட அட்டையைத் தள்ளிவைத்தார். "அப்போ சித்தி?"

"ரெண்டாவது வீடு. எட்டு மாசம் வச்சிருந்தாங்க. சித்தின்னு கூப்பிடச் சொன்னாங்க. பாத்திரத்தோட பேசுறதெல்லாம் நிஜம்தான். அவங்களுக்கே குழந்தை உண்டானதும் கொண்டாந்து விட்டுட்டாங்க. மிச்சமெல்லாம் நான் சேர்த்தது."

"செத்தது?"

"தெரியாதுங்க. இன்னும் இருந்தாலும் இருக்கலாம்."

"நான் அழுதேனேடி!" என்று கத்திவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வரும்வரை கறாரம்மா நறுக்கின பீன்ஸையே மறுபடி நறுக்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவர் அட்டையை இரண்டாகக் கிழித்தார். "இதை நான் எழுத மாட்டேன். நாளைக்கு நானும் உன்கூட வர்றேன்," என்றார். வந்து என்ன சொல்லப்போகிறார் என்று கறாரம்மாவுக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை ஆபீசரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் கூசிக்கொண்டேதான் கேட்டார். "தப்பா நினைக்காதீங்கம்மா. எழுதி வைக்கணும்னா ஆதாரம் வேணும்."

"நூத்தி அறுபத்தேழை எடுங்க சார். மூணு வெட்டுல ஒண்ணு மட்டும் கோணலா இழுத்துட்டு, துளைகிட்ட வரைக்கும் போயிருக்கும். கழுத்துல இருக்கும்போதே ராவுவாங்க. கடைசித் தடவை நான் திமிறினேன்."

ஆபீசர் தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தேடினார். வில்லை கிடைத்ததும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இரண்டு வெட்டு நேராக இருந்தன. மூன்றாவது, பித்தளையைக் கிழித்துக்கொண்டு துளைவரை போயிருந்தது. அவர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து, "நீங்க உக்காருங்க," என்றார். பதினான்கு வருஷ வேலையில் கறாரம்மா அந்த அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் சொல்லச் சொல்ல, போர்டுக்காரர் பக்கத்தில் நின்றபடி புது அட்டையில் எழுதினார்.

சாயங்காலம் இருவரும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினார்கள். பாதி வழியில் போர்டுக்காரர் நின்றார்.

"சண்டை வர்றப்பெல்லாம் ஒண்ணு சொல்லுவேனே..."

எல்லா வீட்டிலும் புருஷன்மார் சொல்கிறதுதான். உன்னைக் கொண்டுபோய் உன் சித்தி வீட்டிலேயே விட்டுடுறேன் பார், என்பார். சித்தி செத்த பிறகும் அந்தப் பேச்சு மட்டும் சாகவில்லை. விடுங்களேன், நானாவது நிம்மதியா இருப்பேன் என்று கறாரம்மாவும் பட்டென்று திருப்பிக் கொடுப்பார். அப்புறம் இருவரும் சாப்பிட உட்கார்வார்கள்.

"வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

"வெளையாட்டுன்னு தெரியும்ங்க. இருந்தாலும் பீரோ அடித்தட்டுல ஒரு பை வச்சிருக்கேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் போர்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பீரோவைத் திறந்தார். பழந்துணி என்று இத்தனை வருஷம் அவர் தள்ளிவைத்த பைதான் அது. உள்ளே இரண்டு மாற்றுத் துணி, ஒரு துண்டு, ஒரு சீப்பு, ஒரு சோப்பு. துணி இரண்டும் போன வருஷம் எடுத்தவை. சோப்பு அதைவிடப் புதிது. போன மாதம் நாலு வாங்கி வந்ததில் ஒன்று குறைகிறதே என்று அவர் கடைக்காரனோடு மல்லுக்கு நின்றாரே, அந்த நாலாவது சோப்பு.

போர்டுக்காரர் அழுதார். சித்திக்கு அழுததைவிடச் சத்தமாக அழுதார். பிறகு துணிகளை எடுத்து மற்றத் துணிகளோடு மாட்டினார். சோப்பின் உறையைப் பிரித்து, வாஷ்பேசினில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

"இனிமே இது வீட்டுச் சோப்பு," என்றார்.

கறாரம்மா அந்தச் சோப்பிலேயே முகம் கழுவிக்கொண்டார்.