கிரைண்டருக்குப் பக்கத்தில் நின்றவள்

கூட்டேரிப்பட்டு ரோட்டில் இருக்கும் என் டிபன் கடைக்கு மாவு அரைத்துத் தந்தவள், மயிலம் பக்கம் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் பெண். மயிலத்தில் இன்னும் இரண்டு கடைகள் அவளிடம் மாவு கேட்டன. வீட்டுச் சின்ன கிரைண்டர் தாங்காது. பெரியது ஒன்று வாங்கக் கடன் கேட்டு, திண்டிவனத்தில் ஒரு வங்கிக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். அவளுடைய அகதி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்பம்மா இந்தியாவுக்கு வந்தீங்க?"

"வரல சார். இங்க திண்டிவனம் ஜி.எச்.லதான் பொறந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் அதே ஆஸ்பத்திரியில் பிறந்தவள். "உங்க ஊர்ல இட்லி உண்டா?" என்று இவளைக் கிண்டல் செய்யாத நாளில்லை. "அந்த ஊர நான் எங்க பார்த்தேன்க்கா?" என்பாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றே நினைத்திருந்தேன்.

"அகதிக்குக் கடன் குடுக்க எங்களுக்கு வழி இல்லம்மா" என்று மேலாளர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

கோபம் வந்தால் என் வாய் நிற்காது. பஸ் ஏறும்வரை மேலாளரைத் திட்டித் தீர்த்தேன். "என் பேர்ல வாங்கறேன். மெஷினு உன்னுது. ட்யூவ நீ கட்டு" என்றேன்.

அவள் தயங்கினாள். "எங்கண்ணன் ஆட்டோவும் இப்படித்தாங்க்கா, வேற ஒருத்தர் பேர்ல எடுத்தது. ஒரு நாள் அந்தாளு ஓட்டிக்கினு போயிட்டாரு."

"நான் அந்த மாதிரி ஆளா?" என்று சண்டைக்கே போய்விட்டேன். கடைசியில் சரி என்றாள்.

அதே வங்கி எனக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் கடன் கொடுத்தது. நம்பவே முடியவில்லை. கிரைண்டரை என் கடையின் பின்பக்கம் இறக்கினோம். அவள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, முதல் மாவை அரைத்தாள்.

மறுவாரம் வங்கி ஊழியர் ஒருவர், கடனில் வாங்கிய மெஷினைப் போட்டோ எடுக்க வந்தார். கையெல்லாம் மாவோடு அவள் கிரைண்டர் பக்கத்தில் நின்றாள்.

"கடன் வாங்கினவங்க மட்டும் நில்லுங்க. வேலை செய்றம்மா, நீங்க கொஞ்சம் தள்ளிக்கங்க."

இது அவளுடையது என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் கிரைண்டரே போய்விடும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்துகிற நான், புடவையைச் சரிசெய்துகொண்டு கிரைண்டர் பக்கம் போய் நின்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கிக்கொண்டாள்.

"மெஷின ஓட்டிக் காட்டுங்கம்மா" என்றார் அவர். எந்த பட்டன் என்று எனக்குத் தெரியவில்லை.

"பச்சை பட்டன் ஓனரம்மா" என்றாள், சுவரோரமாக நின்றபடி. அதுவரை அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.